வாடகை வீட்டு வளவில் நிறுத்திய காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களா? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, காலையில் வேலைக்குப் புறப்பட்டு வரும்போது நிறுத்திய இடத்தில் கார் இல்லையென்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எடுத்தது யார்? ஏன் எடுத்தார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். கண்டியில் நீ இல்லாத நேரம் உன் வாகனத்தை அகற்றக்கூடியவர்கள் பெரும்பாலும் மூன்று தரப்பு: பொலிஸ், லீசிங் கம்பனி, வீட்டுக்காரர் பக்கம். மூன்று பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி வேறு, காட்ட வேண்டிய பத்திரம் வேறு. இது தெரியாமல் வீட்டுக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு மத்தியானம் பொலிஸுக்குப் போனால், நாளும் போகும், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய மனிதரோடு உறவும் போகும்.

அதனால் கூச்சல் போடாமல் கையில் போனை எடு. கார் நின்ற வெற்றிடத்தைப் படம் பிடி. பக்கத்து மதில், கேட், அறிவிப்புப் பலகை இருந்தால் அது, இல்லாவிட்டால் அது இல்லாத சுவர், தரையில் டயர் இழுபட்ட தடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் எடு. மழை பெய்தால் அந்தத் தடம் அரை மணித்தியாலத்தில் போய்விடும். முன்வீட்டிலோ சந்திக் கடையிலோ கெமரா இருந்தால், அந்தப் பதிவை அழித்துவிடாமல் வைக்கச் சொல்லி உடனே கேள். பிறகு பொலிஸ் நிலையத்துக்குப் பேசு. கார் நின்ற இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதோ அந்த நிலையம்தான். கண்டி நகரத்துக்கு ஒன்று, கட்டுகஸ்தோட்டைக்கு வேறு, பேராதனைக்கு வேறு. எது என்று குழப்பமாக இருந்தால் 119க்கு அடித்துக் கேட்கலாம். வாகன இலக்கத்தைச் சொல்லி, "இந்த வாகனத்தை நீங்கள் அகற்றினீர்களா, யாராவது எடுப்பதாக அறிவித்தார்களா?" என்று இரண்டையும் கேள். இரண்டாவது கேள்வி முக்கியம். லீசிங்காரர் வாகனம் எடுத்தால், பிறகு அது களவு என்று முறைப்பாடு வராமல் இருக்கப் பல நேரம் பொலிஸுக்குச் சொல்லி வைப்பார்கள்.

பொலிஸ்தான் எடுத்தது என்றால் விஷயம் ஒப்பீட்டளவில் நேரானது. நம்முடைய ஊரில் வீடு ஒரு பக்கம், வாகனம் நிற்கும் இடம் இன்னொரு பக்கம். அம்பிட்டியவிலும் அஸ்கிரியவிலும் மஹய்யாவவிலும் எத்தனை வீடுகளுக்குப் படியால்தான் இறங்க வேண்டும்! கார் மேலே பாதையோரத்தில்தான் நிற்கும். சாதாரண நாளில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எசல பெரஹெரா தொடங்கிவிட்டால் கதை மாறும். கும்பல் பெரஹெரா ஐந்து இரவு, ரந்தோலி ஐந்து இரவு. தலதா வீதி, திருகோணமலை வீதி, யட்டிநுவர வீதி, டி. எஸ். சேனநாயக்க வீதி என்று ஊர்வலம் போகும் வழியெல்லாம் மூடப்படும். அங்கே நிற்கும் வாகனத்தை அகற்றுவார்கள். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை 16 வருடங்களுக்குப் பிறகு ஸ்ரீ தலதா வழிபாடு நடந்தபோது நகரம் முழுவதும் திணறியதை நீயும் பார்த்தாய். அப்படியான நாட்களில் போக்குவரத்துப் பிரிவு அறிவிப்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஆனால் தடை அறிவிக்காத இடத்தில், பலகை இல்லாத இடத்தில் எடுத்திருந்தால் தண்டச்சீட்டை அவசரப்பட்டுக் கட்டாதே. தபாலகத்தில் கட்ட 14 நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு 28 நாள் வரை இரட்டிப்பு. அதையும் தாண்டினால் வழக்கு. குற்றமில்லை என்று சொல்ல உனக்கு நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. காலையில் எடுத்த படம் அங்கேதான் பேசும். 14 நாளுக்குள் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, கட்டுவதா வாதாடுவதா என்று முடிவெடு.

லீசிங் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் பிசகினால் சீஸ் பண்ணுகிறவர்கள் வந்து நிற்கலாம். வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் போகலாம். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழான ஒப்பந்தம் அது. பதிவுச் சான்றிதழில் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. கிளைக்குப் போகும்போது கட்டிய பற்றுச்சீட்டு, வங்கிச் செய்தி எல்லாவற்றையும் திகதி வரிசையில் கொண்டுபோ. மூன்று விஷயத்தை எழுத்தில் கேள்: எந்தத் திகதி நிலுவைக்காக எடுத்தார்கள், எடுக்க அனுமதித்த கடிதம் எது, வாகனத்துக்குள் இருந்த பொருட்களின் பட்டியல் எங்கே. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடு. பதில் சரியில்லையென்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்தின் 1935 இலக்கத்துக்கு அடி. அதற்கு மேல் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போட்டு ஆவது ஒன்றும் இல்லை.

இனி வீட்டுக்காரர் பக்கம். அதிகம் மனம் நோவது இங்கேதான். அதிகம் பேர் வாய் திறக்காமல் இருந்துவிடுவதும் இங்கேதான். வாடகை வீடு போய்விடும் என்ற பயம். கண்டியில் நல்ல வீடு கிடைப்பதும், தமிழ்க் குடும்பம் என்றால் அது இன்னும் கொஞ்சம் கஷ்டமாவதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு உன் பணத்தில் வாங்கிய வாகனத்தை ஒருவர் இழுத்துப் போக விடக்கூடாது.

எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார். ஒரே வீட்டை மூன்று அனெக்ஸாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கேட், உள்ளே இரண்டு வாகனத்துக்குத்தான் இடம். வீடு பார்க்க வந்த அன்று, "வாகனம் உள்ளே போடலாம், பிரச்சினையில்லை" என்று வீட்டுக்கார மஹத்தயா வாயால் சொன்னார். உடன்படிக்கையில் வாகனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆறு மாதத்தில் கீழ் அனெக்ஸுக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் வேன் இருக்கிறது. அல்லது வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு உன் கார் வழியை மறிக்கிறது என்று பிரேக்டவுன் லொறி ஒன்றைக் கூப்பிட்டு இழுத்துப் போகச் சொல்கிறார்கள். அடுத்த நாள் கராஜ்காரர் இழுவைக் கூலியும், வைத்திருந்த கூலியும் உன்னிடம் கேட்கிறார். அந்த லொறியைக் கூப்பிட்டது நீயில்லை. கராஜ்காரரோடு நீ எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை. கூலி கொடுக்க வேண்டியது அழைத்தவர்தான் என்பதை அமைதியாக, ஆனால் உறுதியாகச் சொல்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் போனில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். கலிபோர்னியாவில் தனியார் வளவிலிருந்து வாகனம் இழுப்பதற்கென்றே விரிவான சட்டப்பிரிவு உண்டு. இங்கிலாந்தில் 2012 ஒக்டோபர் 1 முதல், சட்ட அதிகாரம் இல்லாமல் தனியார் காணியில் வாகனத்துக்குப் பூட்டுப் போடுவதும் இழுப்பதுமே குற்றம். அந்தச் சட்டங்கள் இங்கே செல்லாது. நமக்கு இருப்பது நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையும் உன் வாடகை உடன்படிக்கையும். உன் சம்மதம் இல்லாமல் உன் வசம் இருந்த பொருளைக் கெட்ட எண்ணத்தோடு எடுப்பதும், அதற்குச் சேதம் விளைவிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். வழி விடுவதற்காகத்தான் நகர்த்தினோம் என்று வீட்டுக்காரர் சொல்லக்கூடும். அதனால்தான் எழுத்து வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்னொன்றையும் நினைவில் வை. வாடகைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பவே வீட்டுக்காரர் நீதிமன்றம் போக வேண்டிய நாடு இது. அவருடைய வேலையைச் சுலபமாக்க 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதுவும் நீதிமன்ற வழிதான். வீட்டுக்கே அப்படியென்றால், வாகனத்தை மட்டும் இரவில் லொறி வைத்து அப்புறப்படுத்தலாமா?

முறையான தொடர்மாடியாக இருந்தால் வழி கொஞ்சம் வேறு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி வீடுகளின் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும். எந்த வீட்டுக்கு எந்த வாகனத் தரிப்பிடம் என்பது பதிவு செய்த தொடர்மாடி வரைபடத்தில் இருக்கலாம். நீ வாடகைக்காரி, கூட்டுத்தாபனத்தில் உறுப்பினர் உன் வீட்டு உரிமையாளர்தான். அதனால் நிர்வாகத்தோடு நேரே மோதாமல், உரிமையாளரைக் கொண்டு, "என் வாடகைக்காரருக்கு இந்த இலக்கத் தரிப்பிடத்தைக் கொடுத்திருக்கிறேன்" என்று கடிதம் எழுத வை. அந்தக் கடிதம் செக்யூரிட்டியின் மேசையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். நிர்வாகம் கேட்கவில்லையென்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு உரிமையாளரே முறையிடலாம்.

என்ட்ரி போடும்போது

வீட்டுக்காரரோடு பேசிப் பார்த்தும் கார் எங்கே என்று சொல்லவில்லையென்றால், அல்லது சொல்லியும் தரவில்லையென்றால், அன்றைக்கே பொலிஸில் என்ட்ரி போடு. "நாளைக்குப் பார்ப்போம்" என்று வைத்தால் உன் முறைப்பாட்டின் பலம் குறையும். நம்மில் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவோம். கண்டியில் வளர்ந்தால் பேசாமல் இருக்க முடியுமா? ஆனால் பேசுவது ஒன்று, எழுதியதை வாசித்துக் கையெழுத்து வைப்பது வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு சொல்வது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ சொல்லும் மொழியிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் உன்னையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதியதை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் நீ கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போ. தமிழ் தெரிந்த அலுவலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்தக் கடிதத்தை முறைப்பாட்டோடு சேர்க்கச் சொல். இது யாரும் செய்யும் தயவில்லை, உன் உரிமை. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன வேண்டும்? வாகன இலக்கம், நிறம், யார் பெயரில் பதிவு, எங்கே எத்தனை மணிக்கு நிறுத்தினாய், எப்போது காணாமல் போனது, உள்ளே என்ன இருந்தது, யாரிடம் பேசினாய், அவர் என்ன பதில் சொன்னார். "திருடிவிட்டார்" என்று நீயே தீர்ப்பு எழுதாதே. "என் சம்மதம் இல்லாமல் எடுத்துச் செல்லப்பட்டது, எனக்குத் திருப்பித் தரப்படவில்லை" என்று நடந்ததை எழுது. பொய்க் குற்றச்சாட்டு என்று மறுபக்கம் சொல்ல இடம் இருக்கக் கூடாது. வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள். காப்புறுதிக்கும் அதைத்தான் கேட்பார்கள். முறைப்பாட்டை எடுக்கவே மறுத்தால் பொறுப்பதிகாரியைப் பார். அதற்கும் மேலே பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

கார் உன் பெயரில் இல்லையென்றால் என்ன செய்வாய்? ஓப்பன் பேப்பரில் வாங்கி ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய. விற்றவரின் கையெழுத்துப் போட்ட படிவங்கள் அலுமாரிக்குள் கிடக்கும், பெயர் மாற்றும் செலவுக்காகத் தள்ளிப் போடுவார்கள். இப்படியான நாளில்தான் அதன் வேதனை தெரியும். பொலிஸுக்கும் கராஜுக்கும் நீ யாரோ ஒருவர். பதிவு உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதை வாசித்த கையோடு உன் வாகனத்தின் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள். அடுத்தது, எல்லாப் பத்திரத்தையும் டாஷ்போர்டுக்குள் வைக்கும் பழக்கம். கார் போனால் எல்லாமே போய்விடும். பதிவுச் சான்றிதழின் பிரதி, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று, உன் அடையாள அட்டை, வாடகை உடன்படிக்கை என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து போனிலும், அண்ணாவிடமோ அம்மாவிடமோ ஒரு பிரதியாகவும் வை. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வைத்தால், அந்த வீட்டில் நீதான் குடியிருக்கிறாய் என்பதற்கும் ஆதாரம் இருக்கும்.

காரைக் கண்டுபிடித்த பிறகு

கூலியைக் கட்டாமல் காரைத் தர மாட்டேன் என்று கராஜில் சொன்னால் என்ன செய்வது? நியாயம் உன் பக்கம்தான். ஆனாலும் நாளுக்கு நாள் கூலி ஏறும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஹைபிரிட் காரின் சிறிய பெட்டரி இறங்கும். பொலிஸில் என்ட்ரி போட்டுவிட்டாய், பணமும் கையில் இருக்கிறது என்றால் கட்டி எடுத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கேட்பது புத்தி. நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பற்றுச்சீட்டில் "ஆட்சேபனையுடன் செலுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வை. எழுத விடாவிட்டால் அதே வசனத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. இலத்திரனியல் செய்திகளுக்குச் சட்ட ஏற்புத் தந்தது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். அதனால் அந்தச் செய்திகளை அழிக்காதே. "எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் வைக்காதே.

கேட்டைத் தாண்ட முன் வண்டியைச் சுற்றிப் பார். எக்குவா, பிரியஸ், வெசல் மாதிரி முன்சக்கரத்தால் ஓடும் ஹைபிரிட் வாகனத்தை, முன்சக்கரம் தரையில் உருள இழுத்திருந்தால் கியர் பக்கம் கெடலாம். ஹேண்ட்பிரேக் போட்ட வண்டியைக் கண்டி மேட்டில் பின்சக்கரம் தேய இழுத்திருந்தால் டயரும் பிரேக்கும் போயிருக்கும். நான்கு சக்கரத்தாலும் ஓடும் ஜீப்பை இரண்டு சக்கரத்தில் இழுப்பதே பிழை. எப்படி இழுத்தார்கள், கெரியரில் ஏற்றினார்களா என்று கேட்டு எழுதிக்கொள். முன்பம்பரின் கீழ்ப்பக்கம், இழுவைக் கொக்கி மாட்டும் இடம், டயர் நான்கும், மீட்டரில் உள்ள கிலோமீட்டர், எரிபொருள் முள் என்று ஒவ்வொன்றையும் அங்கேயே படம் எடு. சத்தம் வித்தியாசமாக இருந்தால் ஓட்டிக்கொண்டு வராதே. காப்புறுதிக்காரருக்கு அறிவித்து, நம்பிக்கையான மெக்கானிக்கைக் காட்டு. திருத்தச் செலவை எழுத்தில் வாங்கு. முழுக் காப்புறுதி இருந்தாலும் உடனடியாக அறிவிக்காவிட்டால் கோரிக்கையைத் தட்டிவிட இடமுண்டு.

இழுவைக் கூலியும் திருத்தச் செலவும் யாரிடம் கேட்பது? முதலில் வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: நடந்தது என்ன, எவ்வளவு செலவு, எந்தத் திகதிக்குள் தர வேண்டும். பிரதிகளை இணை. கோபத்தில் அந்தத் தொகையை மாத வாடகையில் கழித்துக்கொள்ளாதே. எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நாளைக்கு அது "வாடகை நிலுவை" என்று உன் மேலேயே வரும். வாடகையை முழுதாகக் கட்டு, பற்றுச்சீட்டை வாங்கு, நட்டத்தைத் தனியாகக் கேள். பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைகள் அவை. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட பிணக்கு அங்கே போய்வந்த பிறகுதான் நீதிமன்றம் போகலாம். ஒத்துவராவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள். ஒரே மதிலுக்குள் தொடர்ந்து குடியிருக்கப் போகிறவர்களுக்கு வழக்கைவிட அதுவே நல்லது என்று நான் மனதார நம்புகிறேன். பிறகும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருட எல்லை உண்டு, அதைத் தாண்டவிடாதே. கையில் வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தில் கேள்.

கடைசியாக உடன்படிக்கை. புதுப்பிக்கும் மாதம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். நம்மில் பலர் கடையில் அச்சடித்த தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைப்பதோடு முடித்துவிடுகிறோம். மூன்று லட்சம் முற்பணம் கொடுக்கும்போது நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதே. அதில் இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்: "கேட்டின் உட்புறம் இடது மதிலோரம் ஒரு மோட்டார் வாகனம் நிறுத்தும் இடம் இந்த வாடகையில் அடங்கும். அவ்விடத்தை மாற்ற வேண்டுமாயின் ஏழு நாட்களுக்கு முன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். குடியிருப்பவரின் சம்மதமின்றி வாகனத்தை அகற்றக் கூடாது. அவசரமாயின் பின்வரும் தொலைபேசி இலக்கத்துக்கு முதலில் அழைக்க வேண்டும்." அந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் சிறிய வரைபடம் ஒன்றையும் பின்னால் ஒட்டி, இரண்டு பேரும் அதில் கையெழுத்து வையுங்கள். கீழ் அனெக்ஸில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதியைக் கொடு. உன் போன் இலக்கத்தைக் காரின் முன்கண்ணாடிக்குள் பெரிய எழுத்தில் எழுதி வை. பெரஹெரா வாரத்தில் வளவை வாகனத் தரிப்பிடமாக வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் என்றால், அந்தப் பத்து நாளும் உன் கார் எங்கே நிற்கும் என்பதை ஜூலை மாதமே பேசி எழுத்தில் வாங்கிவிடு.